வத்திக்கான் யூடியூபுக்கு வந்த வாரம்

நற்செய்தியின் வழித்தடங்கள் – பகுதி 27

சென்ற பகுதியை வத்திக்கான் வானொலியோடு நிறுத்தியிருந்தோம். 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி முன்னின்று அமைத்துக் கொடுத்த நிலையத்திலிருந்து திருத்தந்தை பதினோராம் பயஸ் இலத்தீனில் பேசினார், உலகம் கேட்டது. கேட்பதற்கு மேல் உலகத்துக்கு அங்கே வேலை இல்லை. கொல்லத்தில் 1578இல் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ ஆகட்டும், தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றிய புதிய ஏற்பாடு ஆகட்டும், இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கருவிகள் எல்லாம் ஒரு விதத்தில் ஒரே இனம்தான். பேசுகிறவர் ஒருவர், பெறுகிறவர் பலர். பெற்றவர் ஏதாவது சொல்ல விரும்பினால் கடிதம் போடலாம். அதைப் பிரித்துப் படிப்பதும் கிடப்பில் போடுவதும் பேசியவர் பாடு.

இனி வரப்போகும் கருவி அப்படிப்பட்டதல்ல. அதில் கேட்பவனும் பேசுவான்; பேசியவருக்கே நேராகப் பேசுவான்; பத்து லட்சம் பேர் பார்க்கும்படி பேசுவான். இருபது வயதுக்காரர்கள் இதை ஒரே மாலையில் புரிந்துகொண்டார்கள். ரோமாபுரிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு பிடித்தது.

முப்பது ஆண்டு என்பதைச் சோம்பலின் கணக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவியைக் கையில் எடுப்பதில் திருப்பீடம் ஒருபோதும் பின்தங்கியதில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஊடகங்களுக்கென்றே தனி ஆணை வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் உலக சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்கான திருத்தந்தையின் செய்தி சனவரி 24ஆம் தேதியிட்டு வருவது வழக்கம். அது புனித பிரான்சிஸ் சலேசியாரின் நினைவு நாள். ஜெனீவா ஏரியின் தென்கரையில், தம் மறையுரையைக் கேட்க மக்கள் வரத் தயங்கிய ஊர்களில், துண்டுப் பிரசுரங்களை எழுதிக் கதவுகளுக்கு அடியில் செருகியவர் அவர். பத்திரிகையாளர்களின் பாதுகாவலரும் அவர்தான். இந்தச் சனவரி 24ஐக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990ஆம் ஆண்டுச் செய்திக்கு இரண்டாம் ஜான் பால் தேர்ந்த பொருள் கணினிப் பண்பாடு. வைய விரிவு வலை பொதுமக்கள் கைக்கு வந்தே சேராத காலம் அது. 1995 கிறிஸ்துமஸ் அன்று அவருடைய திருநாள் செய்தியோடு வத்திக்கான் இணையதளம் பிறந்தது. பெரிய நிறுவனங்கள் பலவற்றிடம் அப்போது சொந்தமாக ஒரு பக்கம்கூட இல்லை. அந்தத் தளத்தைக் கட்டி எழுப்பியவர் அருட்சகோதரி ஜூடித் சோபெலைன், அமெரிக்காவிலிருந்து வந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி. தம் மூன்று சர்வர்களுக்கும் அதிதூதர்களின் பெயரையே சூட்டினார்: இரஃபேல், மிக்கேல், கபிரியேல். காவல் வேலை மிக்கேலுக்குக் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமா! 2001 நவம்பர் 22 அன்று இரண்டாம் ஜான் பால், நடுங்கும் கையால் ஒரு மடிக்கணினியின் பொத்தானை அழுத்தி, ஓசியானியத் திருச்சபைக்கான அறிவுரை மடலை மின்னஞ்சலில் அனுப்பினார். தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும் பசிபிக் மறைமாவட்டங்களுக்கு அது பொருத்தமான வழிதான்.

மூன்று மாதம் கழித்து, 2002 பிப்ரவரியில், இணையத்தைப் பற்றி இரண்டு ஆவணங்கள் ஒரே நாளில் வந்தன. அவற்றுள் ‘திருச்சபையும் இணையமும்’ என்பதை இன்று எடுத்துப் படித்தால் வியப்பாக இருக்கும். பேசுபவர், கேட்பவர் என்ற பழைய பிரிவை இணையம் அழிக்கிறது, இது இருவழிப் பாதை என்பதை அதை எழுதியவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு கொள்ளைநோய் வந்து அந்த வரியைச் சோதித்துப் பார்க்கும்.

ஆக, ஆவணத்தில் எல்லாம் இருந்தது. தளத்தில் இல்லை. வத்திக்கான் இணையதளம் பழுப்பேறிய தோல்சுவடிப் பின்னணியில் சுற்றுமடல்களை அடுக்கி வைத்த நூலகமாகவே இருந்தது. நூலகம் மட்டமானது என்று சொல்லவில்லை. இந்தத் தொடரை எழுதுகிறவன் அதன் வாசகர்களில் ஒருவன். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை மாலையில் நண்பனைத் தேடிப் போகும் இடம் நூலகம் அல்ல. அதற்கான திண்ணையை 2004க்கும் 2006க்கும் நடுவே வேறு யாரோ கட்டிவிட்டார்கள். பேஸ்புக், யூடியூப், ட்விட்டர் மூன்றும் அந்த இடைவெளியில் பிறந்தவை. மூன்றுக்கும் சொந்தக்காரர்கள் அமெரிக்க இளைஞர்கள். திருச்சபை தன் வரலாற்றில் அச்சுக்கூடம் வாங்கியிருக்கிறது, வானொலிக் கோபுரம் எழுப்பியிருக்கிறது. இந்தத் திண்ணையில் மட்டும் அது மற்றவர்களைப் போலவே வந்து உட்கார வேண்டியதாயிற்று.

2008 சூலையில் ஒரே வாரத்தில் உலகின் இரு கோடிகளில் இரண்டு முயற்சிகள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

சூலை 15 அன்று சிட்னியில் உலக இளையோர் நாள் விழா தொடங்கியது. ஏற்பாட்டாளர்கள் இளைஞர்களின் கைப்பேசிகளுக்குத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் குறுஞ்செய்தியை நாள்தோறும் அனுப்பினார்கள். கூடவே ‘எக்ஸ்டி3’ என்ற பெயரில் கத்தோலிக்க இளைஞர்களுக்கென்றே தனியாக ஒரு சமூக வலைத்தளத்தையும் தொடங்கினார்கள். பேஸ்புக்கில் இருப்பதெல்லாம் அதிலும் இருந்தது: பக்கம், படம், நண்பர், குழு. விழாவில் சந்தித்தவர்கள் ஊர் திரும்பிய பின்னும் தொடர்பில் இருக்கலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கத்தோலிக்க இளைஞனின் நண்பர்கள் அனைவரும் கத்தோலிக்கர்களா என்ன? அவன் வகுப்புத் தோழன், கால்பந்து அணித் தோழன், காதலிக்கும் பெண் எல்லாரும் பேஸ்புக்கில் இருந்தார்கள். வேலி போட்ட தோட்டத்துக்கு வந்து போனவர்கள் உண்டு. பேஸ்புக்கை விட்டு அங்கே குடியேற ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. நற்செய்தி அறிவிப்பு என்பது வெளியே போவது என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை ஒன்றுகூட்டும் தளம் அந்த வேலையை எப்படிச் செய்யும் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்கு ஐந்து நாள் முன்னால், சூலை 10 அன்று, ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தது. முதல் நாளே அங்கே இருந்த இலவசச் செயலிகளில் ஒன்று பைபிள். ஓக்லஹோமாவின் எட்மண்ட் நகரில் உள்ள லைஃப்.சர்ச் என்ற சபை அதைச் செய்திருந்தது. பொறுப்பாளர் பாபி குரூன்வால்ட், மதப்பணிக்கு வருமுன் இணைய வணிகம் செய்தவர். 2006இல் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது உதித்த யோசனை என்று அவரே சொல்லிவருகிறார். 2007இல் அதை இணையதளமாகச் செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை. மூடிவிடலாமா என்று யோசித்த நேரத்தில், கைப்பேசியில் திறப்பவர்கள் மட்டும் அடிக்கடி திரும்பி வருவதைக் கவனித்தார்கள். அந்தக் கவனிப்புதான் கதையைத் திருப்பியது. ஆப் ஸ்டோர் திறந்த முதல் வார இறுதியிலேயே 80,000க்கு மேற்பட்டோர் ‘யூவெர்ஷன்’ செயலியை இறக்கிக்கொண்டார்கள். 2013 சூலையில் 10 கோடிக் கைப்பேசிகள், 2021இல் 50 கோடி. தமிழ் பைபிளும் அதில் உண்டு.

எண்ணிக்கையைவிட அதன் உள்ளமைப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலையில் ஒரு வசனம் அறிவிப்பாக வந்து விழும். அதைப் படத்தின் மேல் எழுத்தாக்கி ஒரே தட்டில் நண்பர்களுக்கு அனுப்பலாம். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தாய் என்று கணக்குச் சொல்லும். இவை எதுவும் மறையியல் கல்லூரியில் பிறந்த உத்திகள் அல்ல. விளையாட்டுச் செயலிகளும் சமூக ஊடகங்களும் ஆளைக் கட்டிப்போடக் கண்டுபிடித்தவை. செபமாலைக்கும் எண்ணிக்கை உண்டே என்பார்கள் சிலர். உண்டுதான். ஆனால் நேற்று செபமாலை சொல்லாமல் விட்டவனை அது இன்று எச்சரிக்காது. எப்படியானாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இளைஞன் தன் வசனத்தைத் தன் வகுப்புத் தோழனுக்கு, அவன் எந்த மதத்தானாக இருந்தாலும், வாட்ஸாப்பில் அனுப்பினான். சிட்னியின் தோட்டத்தில் அது நடக்கவில்லை.

இப்போது தலைப்புக்குரிய வாரத்துக்கு வருவோம்.

2009 சனவரி 23, வெள்ளிக்கிழமை. திருப்பீடப் பத்திரிகையாளர் அறையில் ஒரு கூட்டம். பேராயர் கிளவ்தியோ செல்லி, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவையின் தலைவர்; அருட்பணியாளர் ஃபெதெரிகோ லொம்பார்தி, இயேசு சபையினர், பத்திரிகையாளர் அறையின் இயக்குநர்; அவர்களோடு கூகுள் நிறுவனத்தின் பிரதிநிதி. இரண்டு அறிவிப்புகள். ஒன்று, வத்திக்கானுக்கு இன்றுமுதல் யூடியூபில் சொந்த அலைவரிசை: இத்தாலியம், ஆங்கிலம், ஸ்பானியம், ஜெர்மன் என நான்கு மொழிகளில், ஓரிரு நிமிடச் செய்திப் படங்கள். இரண்டு, அந்த ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தி. வழக்கம்போல் சனவரி 24ஆம் தேதியிட்ட அந்தச் செய்தி, இம்முறை வெளிப்படையாக இணையத் தலைமுறையை நோக்கியே எழுதப்பட்டிருந்தது.

பெனடிக்டின் செய்தியைப் பலர் ‘தொழில்நுட்பத்துக்கு ஆசி’ என்று ஒரு வரியில் கடந்துபோனார்கள். அது அதைவிட நுட்பமானது. தொடக்ககாலத் திருத்தூதர்கள் கிரேக்க, ரோமானியப் பண்பாட்டுக்குள் நற்செய்தியைக் கொண்டுபோனது போல, இணையம் என்னும் புதிய கண்டத்துக்குள் அதைக் கொண்டுபோகும் பொறுப்பை அவர் இளைஞர்களிடமே ஒப்படைத்தார். குருக்களிடம் அல்ல, ஆயர்களிடம் அல்ல. கூடவே, நட்பு என்பதை மலினமாக்கிவிடாதீர்கள், திரையில் ஆயிரம் பேரோடு இணைந்து வீட்டில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. 81 வயது இறையியல் பேராசிரியர், பென்சிலால் எழுதும் பழக்கம் உள்ளவர், பேஸ்புக்கின் நோயை அவ்வளவு முன்பே கண்டு சொன்னார்.

மறுநாள், சனிக்கிழமை, சனவரி 24. திருப்பீடம் வேறொரு ஆணையை வெளியிட்டது. 1988இல் பேராயர் லெஃபெவ்ர் ரோமின் அனுமதியின்றித் திருப்பொழிவு செய்த நான்கு ஆயர்கள்மீது இருந்த சபைநீக்கத் தண்டனை அகற்றப்பட்டது. பிரிந்துபோன குழுவை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் நோக்கம். அந்த நால்வரில் ஒருவர் ரிச்சர்ட் வில்லியம்சன். நாஜி முகாம்களில் நச்சுவாயு அறைகளே இருக்கவில்லை என்று அவர் அளித்த நேர்காணலைச் சுவீடன் தொலைக்காட்சி மூன்று நாள் முன்பு, சனவரி 21 அன்று, ஒளிபரப்பியிருந்தது. ஆணையில் கையெழுத்திட்ட தேதியும் அதே சனவரி 21. நேர்காணல் பதிவானது எங்கே தெரியுமா? ரேகன்ஸ்பர்க் அருகே, பெனடிக்ட் இறையியல் கற்பித்த பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்.

வில்லியம்சனின் கருத்துகள் அதற்கு முன்பும் இரகசியமல்ல. தேடுபொறியில் பெயரைத் தட்டினால் கிடைத்திருக்கும். ஒருவரும் தட்டவில்லை. யூடியூப் அலைவரிசையைத் திறந்த அதே அரண்மனையில், திருத்தந்தைக்கு வைக்கும் கோப்பில் உள்ள ஒரு பெயரை இணையத்தில் தேடிப் பார்க்க ஓர் ஆள் இருக்கவில்லை. நேர்காணல் காட்சி கண்டம் விட்டுக் கண்டம் பரவியது, அதே யூடியூபின் வழியாகவும். இஸ்ரயேலின் தலைமை ரபீக்கள் சினம் கொண்டார்கள். ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்கல் பிப்ரவரி 3 அன்று விளக்கம் கேட்டார். ஜெர்மானியத் திருத்தந்தைக்கு ஜெர்மனியிலிருந்தே வந்த கேள்வி. வில்லியம்சனின் கருத்துகள் திருத்தந்தைக்குத் தெரியாது என்று மறுநாள் செயலகம் அறிக்கை விட்டது.

மார்ச் 10ஆம் தேதியிட்டு உலகின் ஆயர்கள் அனைவருக்கும் பெனடிக்ட் எழுதிய மடல், இருபத்தோராம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றின் மிக நேர்மையான ஆவணங்களுள் ஒன்று என்பது என் கருத்து. இணையத்தில் கிடைத்த செய்திகளைக் கவனித்திருந்தால் இந்தச் சிக்கலை முன்பே அறிந்திருக்கலாம் என்று தமக்குச் சொன்னார்கள் என்றும், இனித் திருப்பீடம் அந்த ஊற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்ற பாடத்தைத் தாம் கற்றதாகவும் அதில் எழுதினார். இணையத்தில் என்ன பேசுவது என்று சனவரியில் இளைஞர்களுக்குக் கற்பித்தவர், இணையம் என்ன பேசுகிறது என்று கேட்கத் தவறியதை மார்ச்சில் ஒத்துக்கொண்டார். இரண்டு மடல்களுக்கும் இடையே ஏழு வாரம்கூட இல்லை. சமூக ஊடகமும் திருச்சபையும் பற்றி எழுதுகிறவர்கள் சனவரி மடலை மேற்கோள் காட்டுகிறார்கள். வரலாறு மார்ச் மடலில் இருக்கிறது.

அதே ஆண்டு மே மாதம் ‘போப்2யூ’ என்ற தளம் வந்தது. திருத்தந்தையின் படமும் சொல்லும் கொண்ட மின் அஞ்சலட்டைகளைப் பேஸ்புக்கில் நண்பர்களுக்கு அனுப்ப அது ஒரு செயலியைத் தந்தது. இதன் பின்னால் இருந்தவர் தொர்தோனா மறைமாவட்டத்து இளம் குரு பாவ்லோ பத்ரீனி. குருக்களின் திருப்புகழ்மாலையை ஐபோனுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. வேலி போட்ட தோட்டத்தை விட்டு, திண்ணைக்கே போகலாம் என்ற முடிவு இங்கே தெரிகிறது. ஆனாலும் அனுப்பப்பட்டது அஞ்சலட்டைதான். பெறுகிறவன் அதைத் தன் நண்பனுக்குத் தள்ளிவிடலாம். அனுப்பியவரிடம் ஒன்றும் கேட்க முடியாது.

ட்விட்டரின் கதையும் இதே. 2012 டிசம்பர் 12, புதன்கிழமைப் பொதுச் சந்திப்பின் முடிவில் பெனடிக்ட் ஒரு ஐபேடின் திரையைத் தொட, ‘பொன்டிஃபெக்ஸ்’ கணக்கிலிருந்து முதல் பதிவு போனது. அருகில் நின்றவர்கள் எங்கே தொட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் எட்டு மொழிகள்; அடுத்த மாதம் இலத்தீனும் சேர்ந்தது. பேசுவார் அருகிப்போன மொழிக்கு இடம் கிடைத்தது, இந்திய மொழி எதற்கும் கிடைக்கவில்லை. கேள்விகளை அனுப்பச் சொல்லி ஒரு ஹேஷ்டேகும் கொடுத்திருந்தார்கள். உண்மையான கேள்விகளும் வந்தன. அவற்றோடு கேலியும் வசையும், குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைகளைப் பற்றிய கசப்பான குரல்களும் வந்தன. மார்க்கோனியின் ஒலிவாங்கிக்கு எதிரே இப்படி ஒரு கூட்டம் ஒருபோதும் நின்றதில்லை. ‘பொன்டிஃபெக்ஸ்’ பின்தொடர்ந்த கணக்குகளையும் பார்க்க வேண்டும். எல்லாம் ‘பொன்டிஃபெக்ஸ்’தான், மற்ற மொழிகளில்! இலட்சக்கணக்கானோர் அதைப் பின்தொடர, அது தன்னைத் தானே பின்தொடர்ந்தது.

திருத்தந்தை பிரான்சிஸின் காலத்தில் காற்று மாறியது. மாற்றியவர் அவர் அல்ல என்றுதான் சொல்ல வேண்டும். தம்மைப் படம் பிடிக்க இளைஞர்களை அவர் விட்டார், அவ்வளவே. 2013 ஆகஸ்டில் பியாச்சென்சாவிலிருந்து திருப்பயணம் வந்த சில பிள்ளைகள் அவரோடு கன்னம் ஒட்டி ஒரு செல்பி எடுத்தார்கள். அதை எடுத்தது வத்திக்கானின் புகைப்படக்காரர் அல்ல, வெளியிட்டது திருப்பீடமும் அல்ல. அந்த ஒரு படம் செய்ததைப் பல மடல்கள் செய்திருக்க முடியாது. (அதற்கு ஒரு மாதம் முன்பு, ரியோ இளையோர் நாளைச் சமூக ஊடகத்தில் பக்தியோடு பின்தொடர்வோருக்கும் பரிபூரண பலன் உண்டு என்ற ஆணையை, ‘ட்விட்டரில் பார்த்தால் பாவத் தண்டனை போகும்’ என்று பத்திரிகைகள் திரித்துக் கொண்டாடின. காசு போட்டால் காப்பி தரும் இயந்திரம் அல்ல இது என்று பேராயர் செல்லி அலுத்துக்கொண்டார்.)

2018 மார்ச்சில் இளையோர் பற்றிய ஆயர் மாமன்றத்துக்கு முன்னோட்டமாக ஒரு கூட்டம் ரோமில் நடந்தது. நேரில் வந்தவர்கள் சுமார் 300 இளைஞர்கள். பேஸ்புக் குழுக்கள் வழியாகக் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அவர்கள் எழுதியவையும் கூட்டத்தின் இறுதி அறிக்கைக்குள் போயின. கருவி முதன்முறையாக எதிர்த்திசையில் இயக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற அறிவுரை மடலில் பிரான்சிஸ் இணையச் சூழலை நல்லதும் கெட்டதுமாக எடைபோட்டார். பொய்ச்செய்தியும் சுரண்டலும் தனிமையும் மலிந்த அந்த உலகில் எப்படி வாழ்வது என்பதற்கு ஒரு பதினைந்து வயதுப் பையனை எடுத்துக்காட்டினார். பெயர் கார்லோ அக்கூத்திஸ்.

கார்லோவைப் பற்றி இன்று புழங்கும் படங்களில் பாதி, ‘கடவுளின் இன்ஃப்ளுயன்சர்’ என்ற பட்டத்தோடு வருகின்றன. வரலாற்றுக்காரன் இந்த இடத்தில் தொண்டையைச் செருமித்தான் ஆக வேண்டும். கார்லோ 1991 மே 3 அன்று லண்டனில் பிறந்தார்; வளர்ந்தது மிலானில். கணினி நூல்களைத் தாமே படித்து நிரல் எழுதக் கற்றார். பங்குக் கோவிலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி நடத்தினார். வீடியோ விளையாட்டு பிடிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்கே எல்லை போட்டுக்கொண்டார். உலகெங்கும் நடந்ததாகச் சொல்லப்படும் நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி, படமும் விளக்கமுமாக ஒரு கண்காட்சியும் இணையதளமும் ஆக்கினார். கேரளத்தின் சிரட்டக்கோணம் ஆலயத்தில் 2001இல் நடந்ததாகக் கூறப்படுவதும் அதில் ஒன்று. 2006 அக்டோபர் 12 அன்று மோன்சா மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். எல்லாம் சில நாட்களுக்குள் முடிந்துவிட்டது.

பேஸ்புக், மாணவர் வட்டத்தைத் தாண்டிப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் திறக்கப்பட்டது 2006 செப்டம்பர் 26 அன்று. கார்லோ இறந்தது அதற்குப் பதினாறு நாள் கழித்து. ஐபோன் அப்போது பிறக்கவே இல்லை. சமூக ஊடகத்தின் புனிதராகக் கொண்டாடப்படுபவர் சமூக ஊடகக் காலத்துக்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செய்தது அருட்சகோதரி ஜூடித் செய்ததற்கு நெருக்கமானது: பொறுமையாகத் திரட்டி, வரிசையாக அடுக்கி, வேண்டியவர் வந்து படிக்கட்டும் என்று வைத்த வேலை. விருப்பக்குறிகளும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் அவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எப்படி இருந்திருப்பார் என்ற கேள்விக்கு விடை கிடையாது. பக்தர்கள் அதைக் கேட்பதும் இல்லை.

அவரைச் சமூக ஊடகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அவருக்குப் பின் வந்த பிள்ளைகள். 2020 அக்டோபர் 10 அன்று அசிசியில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அதையொட்டிக் கல்லறை திறந்து வைக்கப்பட்டபோது கண்ணாடிக்குப் பின்னால் ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியும் அணிந்த ஓர் உடல் தெரிந்தது. அங்கியும் மாலையும் தரித்த புனிதர்களையே பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் காலணி போதும். படம் பறந்தது. அதோடு ‘உடல் அழியவே இல்லை’ என்ற செய்தியும் பறந்தது. அது உண்மையல்ல, உடல் இயல்பான மாற்றங்களுக்கு உள்ளாகித்தான் இருந்தது, முகம் சிலிகான் கொண்டு சீரமைக்கப்பட்டது என்பதை அசிசி ஆயர் தொமெனிகோ சொரெந்தினோவின் தரப்பு விளக்கிச் சொன்னது. வழக்கம்போல், வதந்தி சென்ற தூரம் மறுப்பு செல்லவில்லை. இன்றும் தமிழ் யூடியூபில் ‘அழியாத உடல்’ காணொளிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த 2020, வேறு வகையிலும் கணக்கில் வைக்க வேண்டிய ஆண்டு. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் பிரான்சிஸ் தனியே நின்று செபித்ததை உலகம் திரையில் பார்த்தது. பங்குக் குருக்கள் கைப்பேசியை ஒரு புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார்கள். கேமராவை இயக்கியவர்கள் பெரும்பாலும் பங்கின் இளைஞர்கள். லட்சக்கணக்கானோர் நடந்தே வரும் வேளாங்கண்ணித் திருவிழா அந்த ஆண்டு பக்தர்கள் இல்லாமல் நடந்தது; வீட்டிலிருந்து பார்த்தார்கள். ஆனால் ஏப்ரல் 17 காலைத் திருப்பலியிலேயே பிரான்சிஸ் கடிவாளத்தை இழுத்தார். திரை வழியாக மட்டும் இயங்கும் திருச்சபை திருச்சபை ஆகாது, இது இக்கட்டில் செய்வது, இங்கேயே தங்கிவிடக் கூடாது என்பது அவர் மறையுரையின் சாரம். 2002இன் வரி உயிரோடுதான் இருந்தது.

பிறகு நடந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். 2022இல் ஆயர் மாமன்றத்துக்காக, இணையத்தில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த இளம் கத்தோலிக்கர்களிடம் ஒரு வேலை தரப்பட்டது: உங்களைப் பின்தொடர்பவர்களிடம், கோவில் பக்கம் வராதவர்களிடமும், திருச்சபையைப் பற்றிக் கேட்டு விடைகளை அனுப்புங்கள். 2023 மே மாத இறுதியில் வெளிவந்த ‘முழுமையான உடனிருப்பை நோக்கி’ என்ற ஆவணம் நல்ல சமாரியர் உவமையைக் கையில் எடுத்துக்கொண்டு, இணைய வழியில் அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்தாயா என்று கேட்டது. பிரிவினையைத் தூண்டும் பதிவுகளைப் போடுவதில் ஆயர்களும் குருக்களும்கூடச் சளைத்தவர்கள் அல்ல என்பதையும் மழுப்பாமல் சுட்டிக்காட்டியது. முகநூலில் குருக்கள் போடும் சண்டையைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பத்தி தனி நிறைவைத் தந்திருக்கும்.

2025 மே 8 அன்று 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயர் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் உலகம் செய்த முதல் காரியம், ராபர்ட் பிரவோஸ்ட் என்ற பெயரில் இருந்த பழைய ட்விட்டர் கணக்கைத் தோண்டியது. அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் கருத்தை மறுக்கும் கட்டுரைகளை அவர் பகிர்ந்திருந்தது அன்றிரவே தலைப்புச் செய்தி. ஆயராகவும் கர்தினாலாகவும் இருந்தபோதே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேதுருவின் இருக்கைக்கு வந்திருக்கிறார். சூலை 28, 29 தேதிகளில் யூபிலியின் பகுதியாக இணைய மறைப்பணியாளர்களும் இன்ஃப்ளுயன்சர்களும் ரோமில் கூடினார்கள்; லியோ அவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர் வலியுறுத்தியது பின்தொடர்வோரின் எண்ணிக்கையை அல்ல, மனிதரைச் சந்திப்பதை. கைப்பேசிகள் அனைத்தும் உயர்ந்திருந்த கூட்டத்தில் அதைச் சொன்னார்.

செப்டம்பர் 7 அன்று கார்லோ புனிதராக அறிவிக்கப்பட்டார். ஏப்ரல் 27க்குக் குறித்த விழா, பிரான்சிஸின் மறைவால் தள்ளிப்போனது. சதுக்கத்தில் சுமார் 80,000 பேர், பெரும்பாலோர் இளைஞர்கள். அதற்குச் சில மாதம் முன்பு, கார்லோவின் தலைமுடி என்று சொல்லி ஏதோ ஒன்று இணைய ஏலத்துக்கு வந்தது. கேட்பு 2,000 யூரோவைத் தாண்டியது. புனிதப் பொருளை விற்பது திருச்சபைச் சட்டப்படி குற்றம். ஆயர் சொரெந்தினோ அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். மார்ட்டின் லூத்தர் காலத்து வியாபாரம், கூரியர் கட்டணத்தோடு.

இந்தப் பகுதி முழுக்க ரோமையும் மிலானையும் ஓக்லஹோமாவையும் சுற்றிவந்துவிட்டது. அடுத்த பகுதியில் நம் பக்கம் திரும்புவோம். மணிலாவிலிருந்து தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணி, 2018 சூன் 30 அன்று சிற்றலையை விட்டுவிட்டு இணையத்துக்கு மாறியது. கடிதம் எழுதிப் பழகிய அதன் நேயர்கள் என்ன ஆனார்கள், இணையத்தில் அதற்குக் கிடைத்த நேயர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)